பாய்க்குப் பின்னால் பெட்ரோல்

பாய்மரப் படகு புகை விடாது. பாய்மரப் போட்டி விடும். கரையில் நின்று பார்ப்பவர்களுக்கு இது கண்ணில் படாது. தூரத்தில் வெள்ளைப் பாய்கள் வரிசையாகச் சாய்ந்து போகும். காற்றைத் தவிர வேறெதையும் செலவழிக்காத விளையாட்டு என்று துவக்க விழாவில் யாராவது பேசுவார்கள், கைதட்டலும் விழும். அந்தப் பாய்களைச் சுற்றி எத்தனை மோட்டார் படகுகள் ஓடுகின்றன என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். தொடக்கக் கோட்டில் நங்கூரமிட்டு நிற்கும் கமிட்டி போட், மிதவைகளைப் போட்டு எடுக்கும் மார்க் போட், கவிழ்ந்த பிள்ளைகளைத் தூக்க சேஃப்டி போட்டுகள், நடுவர்களுக்கு ஒன்று, ஒவ்வொரு அணியோடும் வரும் கோச்சுக்கு ஒவ்வொன்று, புகைப்படக்காரருக்கு ஒன்று, ஸ்பான்சர் குடும்பம் சுற்றிப் பார்க்க ஒன்று.

சென்னைத் துறைமுகத்துக்குள்ளிருந்து படகு இறக்கி, வெளியே வங்கக்கடலில் ரேஸ் நடத்தும் வேலையில் என் வாழ்நாளில் பெரும்பகுதி போயிருக்கிறது. முதலில் மார்க் போடுகிற ஆளாக, பிறகு ரேஸ் ஆபீசராக. இந்த ஊரில் இது பழைய விளையாட்டு. துறைமுகத்தை வளர்த்தெடுத்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் 1911-ல் தொடங்கியதுதான் ராயல் மெட்ராஸ் யாட் கிளப். ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணான நேத்ரா குமணனும் சென்னைக்காரர்தான். அவர் 2021-ல் தகுதி பெற்ற பிறகு பெண் பிள்ளைகளைச் சேர்க்க வரும் பெற்றோர் கூடியிருக்கிறார்கள். பிள்ளைகள் கூடினால் படகு கூடும், படகு கூடினால் சேஃப்டி போட் கூடும். இந்தக் கணக்கை யாரும் மேடையில் சொல்வதில்லை.

ரேஸைச் சுத்தமாக நடத்தவேண்டும் என்று நான் பேச ஆரம்பித்தபோது எல்லோரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றே. துறைமுகத்துக்குத் தெற்கே கூவம் கலக்கிறது, வடக்கே எண்ணூர் இருக்கிறது, இதற்கு நடுவில் உங்கள் தண்ணீர் பாட்டில் ஒரு பெரிய விஷயமா? நியாயமான கேள்விதான். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூரில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. மீனவர்களும் மாணவர்களும் வாளி வாளியாகக் கறுப்புக் குழம்பை அள்ளிய படங்கள் பலருக்கு நினைவிருக்கும். அந்த நாட்களில் கடலுக்குப் போய்த் திரும்பிய படகுகளின் அடியில் ஒட்டிய பிசினைத் துடைத்து எடுத்த கைகளில் என்னுடையதும் உண்டு. அதோடு ஒப்பிட்டால் எங்கள் குப்பை தூசு. ஆனால் கப்பல் மோதலுக்கு நான் ஏற்பாட்டாளன் இல்லை, ரேஸுக்கு நான்தான் ஏற்பாட்டாளன். என் கையெழுத்தில் வாங்கிய பொருள் கடலில் மிதந்தால் அதற்கு நான்தான் பதில் சொல்லவேண்டும்.

உலகம் முழுக்கப் பாய்மரப் போட்டி ஒரே விதிநூலின்படி நடக்கிறது. நாலு வருஷத்துக்கு ஒருமுறை திருத்தி வெளியிடுவார்கள். 2013 பதிப்பில் குப்பைக்கென்று தனியே 55-ஆம் விதி வந்தது: வேண்டுமென்றே குப்பையைத் தண்ணீரில் போடக் கூடாது. 2021 பதிப்பில் அது 47-ஆம் விதியாக இடம் மாறியது. போட்டியாளர் மட்டுமில்லாமல் கோச், பெற்றோர் என்று உதவிக்கு வரும் எல்லோரும் 2017 பதிப்பிலேயே அதற்குள் வந்திருந்தார்கள். நல்ல விதி. ஆனால் அதில் இருக்கும் ‘வேண்டுமென்றே’ என்ற ஒரு நிபந்தனை, கடலில் சேரும் குப்பையில் முக்கால்வாசியை வெளியே விட்டுவிடுகிறது. என் அனுபவத்தில் பிள்ளைகள் எதையும் வீசி எறிவதில்லை. பள்ளிக்கூடத்திலேயே அந்தப் பாடம் நன்றாக ஏறிவிடுகிறது. படகு கவிழ்கிறது, உள்ளே கிடந்த பாட்டில் மிதந்து போகிறது. பாய்மரக் கம்பியின் கொக்கியில் சுற்றிய இன்சுலேஷன் டேப் வெயிலில் பசை விட்டுப் பறக்கிறது. பெரிய படகுகளில் முன்பக்கத்து பலூன் பாயை ரப்பர் பேண்டாலோ கம்பளி நூலாலோ கட்டி மேலே ஏற்றி, கயிற்றை இழுத்ததும் கட்டு அறுந்து பாய் விரியும். அறுந்த ரப்பர் துண்டுகள் போகும் இடம் கடல்தான். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ஏற்பாட்டில்தான் ஓட்டை.

அந்த ஓட்டையை அடைக்கும் வழி ஆப்டிமிஸ்ட் படகிலேயே இருந்தது. பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகள் தனியாக ஓட்டும் சின்னப் படகு அது, நீளம் 2.3 மீட்டர், எடை 35 கிலோ. அதில் தண்ணீர் இறைக்கும் குவளையையும் துடுப்பையும் படகோடு கயிற்றால் கட்டியிருக்கவேண்டும் என்று அந்த வகுப்பு விதியே சொல்கிறது. காரணம் பாதுகாப்பு. அதே கயிற்றைத் தண்ணீர் பாட்டிலுக்கும் நீட்டினோம். ஒவ்வொரு பாட்டிலிலும் பாய் எண்ணை எழுதவேண்டும், படகோடு கட்டவேண்டும், கட்டாத பாட்டிலோடு, படகு இறக்கும் சரிவான ஸ்லிப்வேயில் இறங்க அனுமதி இல்லை. லைஃப் ஜாக்கெட் சோதிக்கும் அதே ஆள் இதையும் பார்ப்பார். அந்தந்தப் போட்டிக்கான விதிகளைச் சொல்லும் சேலிங் இன்ஸ்ட்ரக்‌ஷனில் ஒரு வரி சேர்த்ததோடு சரி. கரையில் நட்டுவைத்த விழிப்புணர்வுப் பலகைகள் எல்லாம் சேர்ந்து செய்யாததை அந்த ஒரு வரி செய்தது. ரேஸ் முடிந்து சேஃப்டி போட் பையன்கள் பொறுக்கிக் கொண்டுவரும் பாட்டில்களில் எங்களுடையது இல்லாமல் போனது. கூவத்திலிருந்து வந்தவை அப்படியே இருந்தன.

47-ஆம் விதியின்படி நான் உட்கார்ந்த ஒரு விசாரணையைச் சொல்லவேண்டும். பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி, வேறொரு அணியின் கோச் வாழைப்பழத் தோலைக் கடலில் போட்டதைப் பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்தாள். கோச்சின் மேல் போட்டியாளர் நேரடியாக புரொட்டெஸ்ட் போட முடியாது. ஆனால் அவள் தந்த தகவலை வைத்து நடுவர் குழு விசாரணைக்குக் கூப்பிடலாம், கூப்பிட்டோம். “சார், தோலு மக்கிப்போற சாமான். மீன் தின்னும். இதுக்கெல்லாமா கேஸு?” என்றார் கோச். அந்தப் பெண் ஒரே பதில்தான் சொன்னாள்: “அங்கிள், ரூல்ல பிளாஸ்டிக்னு போடலை. குப்பைன்னுதான் போட்டிருக்கு.” நடுவர் குழுவில் ஒருவர் சிரிப்பை அடக்கக் குனிந்து பேனா தேடினார். கோச்சுக்கு எச்சரிக்கை. மறுநாள் காலை எல்லா கோச் படகிலும் பழைய மீன்வலையில் தைத்த ஒரு பை தொங்கியது. யாரும் சொல்லிச் செய்ததில்லை.

குப்பை கண்ணுக்குத் தெரிவதால் அதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். பெட்ரோல் கண்ணுக்குத் தெரியாது. ஒரு 40 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின் முழு வேகத்தில் மணிக்குச் சுமார் 15 லிட்டர் குடிக்கும். அதே எஞ்சின் நிதானமாக முனகிக்கொண்டு நின்றால் ஒரு லிட்டரை ஒட்டித்தான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஆக, சேஃப்டி போட் ஓட்டுகிற இளைஞனின் வலது கைதான் எங்கள் போட்டியின் பெரிய சுற்றுச்சூழல் முடிவுகளை எடுக்கிறது. கடலில் திராட்டில் கையில் கிடைத்தால் யாருக்கும் முறுக்கத்தான் தோன்றும். அதனால் ஓட்டுநர்களுக்கான காலை ப்ரீஃபிங்கில் வேகத்தைப் பற்றிய பேச்சே முதலில் வரும்படி வைத்தோம். கவிழ்ந்த படகுக்குப் போகும்போது முறுக்கு, மற்ற நேரம் காற்று வரும் திசையில் எஞ்சினை அணைத்து நில். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட இந்தக் கரைக்கு வரும் காலம். மூச்சு விட மேலே வரும் ஆமைக்கு வேகமாக வரும் புரொப்பெல்லரிலிருந்து விலக நேரம் கிடைக்காது. மெதுவாகப் போக அது இன்னொரு காரணம்.

பழைய டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: விற்றுவிடுங்கள். கார்புரேட்டர் வைத்த டூ-ஸ்ட்ரோக்கில் ஊற்றும் பெட்ரோலில் கால் பங்கு வரை எரியாமலே, அதில் கலந்த ஆயிலோடு சேர்ந்து, தண்ணீருக்குள் போகிறது. எஞ்சினுக்குப் பின்னால் நீர்மேல் வானவில் நிறம் படர்வதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஃபோர்-ஸ்ட்ரோக் விலை அதிகம், கனமும் அதிகம், தூக்கி மாட்ட இரண்டு ஆள் வேண்டும். இருந்தாலும் அதுதான் வழி. பெட்ரோல் ஊற்றுவதைக் கரையிலேயே, கீழே தட்டு வைத்து, புனலோடு முடித்துவிடவேண்டும். ஆடுகிற படகில் கேனைச் சாய்த்து ஊற்றும் வீரத்தை ஒழித்தாலே பாதி வேலை முடிந்தது.

பெட்ரோலில் பெரிய மிச்சம் எஞ்சினால் வரவில்லை. காற்றைப் பற்றிய ஒரு சாதாரண அறிவால் வந்தது. சென்னையில் பல நாட்கள் காலையில் கரைக்காற்று மேற்கிலிருந்து மெல்ல அடிக்கும். வெயில் ஏற ஏற அது செத்துவிடும். நடுவில் ஒரு பொழுது கடல் எண்ணெய் வார்த்ததுபோல் கிடக்கும். நண்பகல் வாக்கில் கிழக்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ கடல்காற்று எழும்பும், ரேஸுக்கு ஏற்ற காற்று அதுதான். ஆனால் முதல் ரேஸ் காலை ஒன்பதரைக்கு என்று அறிவிப்பில் அச்சடித்துவிட்டால் ஒன்பது மணிக்கே எல்லாப் படகும் கடலில் இருக்கும். காற்று செத்ததும் மோட்டார் படகுகள் அவற்றைக் கயிறு கட்டி இழுக்கும், நீரோட்டத்தில் நழுவினவர்களை மீண்டும் இழுக்கும், மிதவையை இடம் மாற்றும், கடல்காற்று வந்ததும் திசை புரண்டு விட்டதால் எல்லாவற்றையும் பிடுங்கி மறுபடி நடும். ரேஸ் தொடங்கும் முன்பே ஒரு நாள் பெட்ரோலில் பெரும்பங்கு தீர்ந்துவிடும்.

எங்கள் போட்மேன் காசிமேட்டுக்காரர். நாங்கள் திசைகாட்டியையும் காற்றுமானியையும் வைத்துக்கொண்டு திணறுவதைப் பல வருஷம் பொறுமையாகப் பார்த்தவர், ஒரு நாள் கேட்டேவிட்டார். “இன்னா சார், கடல்காத்து எய்ந்திருக்கிற நேரம் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதுக்கு முன்னாடியே போயி இன்னாத்துக்கு பெட்ரோலைக் கொளுத்துறீங்க?” இதற்கு விதிநூலில் ஏற்கெனவே பதில் இருக்கிறது. சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட ஏ.பி. கொடி, தள்ளிவைப்புக் கொடி. அதைக் கடலில் கமிட்டி போட்டில் ஏற்றலாம், கரையில் கிளப் கொடிக்கம்பத்திலும் ஏற்றலாம். கரையில் ஏற்றினால் பிள்ளைகள் நிழலில் உட்கார்ந்து இட்லி சாப்பிடுவார்கள், எஞ்சின்கள் அணைந்திருக்கும், ஒரு மார்க் போட் மட்டும் வெளியே போய்க் காற்றைப் பார்த்துச் சொல்லும். கொடி இறங்கி இத்தனை நிமிஷத்துக்கு முன் ரேஸ் தொடங்காது என்று இன்ஸ்ட்ரக்‌ஷனில் போட்டுவிட்டால் யாருக்கும் அவசரம் இல்லை. இதைச் செய்ய ஒரு ரூபாய் செலவில்லை. தடையாக இருந்தது வேறொன்று: காலையில் வந்து கொடியசைத்துவிட்டுப் போக விரும்பும் சிறப்பு விருந்தினர்கள். அவர்களுக்காகப் பிள்ளைகளைக் கடலில் மிதக்கவிட்ட காலைகள் உண்டு. கடைசியில் விழாவை மாலைக்கு மாற்றினோம். விருந்தினர்கள் கோபித்துக்கொள்ளவில்லை, வெயில் தாழ்ந்திருந்ததில் அவர்களுக்கும் சந்தோஷம்தான்.

கோச் படகு விவகாரம் இவ்வளவு சுலபமாக முடியவில்லை. நாலு பிள்ளைகளுக்கு ஒரு கோச், ஒரு கோச்சுக்கு ஒரு ரப்பர் படகு, அதற்கு ஒரு அவுட்போர்டு, இதுதான் வழக்கம். கல்யாணத்துக்குப் போகும் ஒரே தெருக்காரர்கள் ஆளுக்கொரு கார் எடுப்பது மாதிரி எல்லோரும் ஒரே இடத்துக்குத் தனித்தனியாகப் போகிறார்கள். இரண்டு அணி சேர்ந்து ஒரு படகு எடுத்தால் பதிவுக் கட்டணத்தில் சலுகை என்று அறிவித்தோம். முணுமுணுப்பு பலமாக இருந்தது. எதிரணி கோச் பக்கத்தில் இருந்தால் என் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் உத்தியைக் கேட்டுவிடுவாரே என்றார்கள். ரேஸ் நடக்கும்போது வெளியிலிருந்து உத்தி சொல்வதே விதிப்படி தடை என்பதை நினைவூட்டினேன். சிலர் சேர்ந்து வந்தார்கள், சிலர் இன்றும் வருவதில்லை. கட்டாயமாக்கும் துணிச்சல் அமைப்பாளர்களுக்கு வரவேண்டும் என்பதே என் கருத்து.

மிதவைகளுக்கு இப்போது நங்கூரமே வேண்டாத வகை வந்திருக்கிறது. ஜி.பி.எஸ். வழிகாட்ட, மின்மோட்டாரால் தானே ஒரே இடத்தில் நிற்கும். காற்று மாறினால் கைப்பேசியிலிருந்து நகர்த்தலாம். மார்க் போட் ஓட்டம் பெரிதும் குறைந்துவிடும். விலை லட்சங்களில் என்பதால் சின்ன கிளப்புக்கு எட்டாது. சென்னையில் அடி மணலும் சேறுமாக இருப்பதால் நங்கூரம் பெரிய கேடு செய்வதில்லை. பாக் விரிகுடாவில் அப்படிச் சொல்ல முடியாது. அங்கே கடற்புல் படுகை. கடற்பசு மேய்வது அந்தப் புல்லைத்தான். 2022 செப்டம்பரில் தமிழக அரசு 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. அந்தப் பக்கம் ரேஸ் வைக்க நினைப்பவர்கள் அடி எப்படி என்று உள்ளூர் மீனவரிடம் கேட்காமல் ஒரு நங்கூரமும் போடக் கூடாது.

சாப்பாட்டுக்கு வருவோம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்ததும் கேட்டரிங்காரர்கள் ‘மக்கும் பிளாஸ்டிக்’ என்று ஒரு தம்ளரைக் கொண்டுவந்து நீட்டினார்கள். சோள மாவிலிருந்து செய்தது, இயற்கையானது, விலை இரண்டு மடங்கு. ஆலையில் 60 டிகிரி வரை சூடேற்றி மக்கவைக்கவேண்டிய பொருள் அது. கடல் தண்ணீரில் போட்டால் சாதாரண பிளாஸ்டிக் மாதிரியேதான் கிடக்கும். இந்தத் தம்ளரைவிடப் பழைய பிளாஸ்டிக் தம்ளரே மேல், அதைக் கடலில் போடுகிறவருக்குத் தான் செய்வது தப்பு என்றாவது தெரியும். எங்களுக்குக் கைகொடுத்தது எவர்சில்வர். வாடகைப் பாத்திரக் கடையிலிருந்து தட்டும் தம்ளரும், ஸ்லிப்வே ஓரத்தில் நிழலில் 20 லிட்டர் கேன்களும், கடலுக்குப் போகும் ஆட்களுக்கு டப்பாவில் எலுமிச்சை சாதமும், உறை இல்லாத கடலைமிட்டாயும். தட்டு கழுவ ஆள் கூலி உண்டு. பாட்டில் தண்ணீர் வாங்காததில் அது ஈடாகிவிடும்.

கழுவுதல் என்றதும் நன்னீர் நினைவுக்கு வருகிறது. உப்பு படிந்த படகைக் கழுவாமல் விட முடியாது. ஆனால் குழாயைத் திறந்து தரையில் போட்டுவிட்டு அரட்டை அடிப்பது பிள்ளைகளின் உலகப் பொதுப் பழக்கம். 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த நாட்களில்தான் வாளியும் ஸ்பாஞ்சும் எங்கள் கரைக்கு வந்தன. ஒரு படகுக்கு ஒரு வாளி. இணைப்புகளையும் கப்பிகளையும் மட்டும் தேய்த்தால் போதும், ஃபைபர் உடம்புக்கு உப்பு ஒன்றும் செய்யாது. மழை வந்தபிறகும் அந்த ஏற்பாட்டை மாற்ற நான் விடவில்லை.

ஸ்பான்சர்கள் தரும் வினைல் ஸ்டிக்கர், பாலியெஸ்டர் டி-ஷர்ட், ரெசின் கோப்பை இவை மூன்றையும் பற்றி என் அபிப்பிராயம் நல்லதாக இல்லை. படகு முன்பக்கம் ஒட்டும் ஸ்டிக்கரை ரேஸ் முடிந்ததும் சுரண்டி எடுத்தால் ஒரு மூட்டை சேரும். அதற்குப் பதிலாகக் கழற்றி மாட்டும் துணி எண்களைத் தைத்துக்கொண்டோம். கிழிந்த பழைய டாக்ரான் பாய்களைப் பையாகத் தைத்துப் பரிசாகக் கொடுத்தோம், பிள்ளைகள் கோப்பையைவிட அதை விரும்பினார்கள். ஒரு துவக்க விழாவில் பலூன் பறக்கவிடவேண்டும் என்று கேட்டார்கள். கடலோரத்தில் பறக்கும் பலூன் காற்றோடு போய்க் கடைசியில் கடலில்தான் விழும், அது ஆமையின் வயிற்றுக்குள் போகும் என்றேன். அப்படியானால் புறாவா என்று கேட்டார்கள். ஒரு கொடியை ஏற்றி முடித்தோம்.

உலக மேடையில் இதையெல்லாம் பெரிய அளவில் பார்த்திருக்கிறோம். 2008 ஒலிம்பிக்குக்கு முன் சீனத்தின் சிங்டாவ் கடற்பரப்பைப் பச்சைப் பாசி மூடியபோது ஆயிரக்கணக்கானவர்களை இறக்கி அள்ளினார்கள். ரியோவில் 2016 ஒலிம்பிக்குக்குள் குவானபாரா விரிகுடாவில் கலக்கும் சாக்கடையில் 80 சதவீதம் சுத்திகரிக்கப்படும் என்றார்கள்; நடக்கவில்லை. முந்தின வருஷத்து முன்னோட்டப் போட்டியிலேயே ஒரு ஜெர்மன் வீரர் தோல் தொற்றோடு வீடு திரும்பினார். 2017-18 வால்வோ ஓஷன் ரேஸில் டீ கஃபாரி தலைமையில் பிளாஸ்டிக்குக்கு எதிரான பெயரோடு ஓடிய படகு வழியெல்லாம் கடல்நீர் மாதிரி எடுத்தது. எந்த நிலத்திலிருந்தும் மிகத் தொலைவான பாயின்ட் நீமோ அருகிலும் நுண்பிளாஸ்டிக் கிடைத்தது. இந்த மாதிரிகள் உண்மையிலேயே பயனுள்ளவை. யாரும் போகாத கடலுக்குப் பாய்மரப் படகுதான் போகிறது. ஆனால் அத்தகைய போட்டிக்காக விமானத்திலும் கப்பலிலும் ஊர் ஊராகப் போகும் கொட்டகைகளையும் மேடைகளையும் கணக்கில் வைத்துத்தான் பெருமைப்படவேண்டும். எங்கள் அளவிலும் அதே கதைதான். மும்பையிலிருந்து படகுகளை லாரியில் ஏற்றினால் போக மட்டும் 1,300 கிலோமீட்டருக்கு மேல். நடத்துகிற ஊரே படகு தந்து, வருபவர் தன் பாயையும் சுக்கானையும் மட்டும் கொண்டுவந்தால் அந்த லாரியே வேண்டாம். தொண்டி பக்கத்துக் கடலோர ஊர்களில் திருவிழாவையொட்டி நடக்கும் நாட்டுப்படகுப் பாய்மரப் போட்டியில் தொழிலுக்குப் போகும் படகையே அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் ஓட்டுகிறார்கள். நாங்கள் கமிட்டி போட்டுப் பேசும் விஷயம் அவர்களுக்குப் பிரச்சினையாகவே எழவில்லை.

போட்டி முடிந்த ஞாயிறு மாலை ஸ்பான்சர் நிறுவன ஊழியர்கள் புது டி-ஷர்ட்டும் புதுக் கையுறையும் போட்டுக் கரையில் அரை மணி நேரம் குப்பை பொறுக்கி, பேனர் முன் படம் எடுத்துக்கொண்டு, பேருந்தில் திரும்பிப் போவார்கள். அவர்கள் மனதில் கள்ளமில்லை. ஆனால் அந்த டி-ஷர்ட் காசுக்கு ஒரு பழைய டூ-ஸ்ட்ரோக்கை மாற்றும் செலவில் ஒரு பங்கு வந்திருக்கும்.

கிளப் நடத்துபவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த போட்டி முடிந்ததும் முடிவுப் பட்டியலை ஒட்டும் அதே பலகையில் எத்தனை லிட்டர் பெட்ரோல் போனது என்பதையும் ஒட்டுங்கள். படகுவாரியாக, நாள்வாரியாக, ஓட்டியவர் பெயரோடு. அதற்கடுத்த போட்டியில் அந்த எண் தானாகவே இறங்கும். அதுவும் போட்டிதான் என்று பிள்ளைகள் உடனே புரிந்துகொள்வார்கள்.